பன்னிரண்டரைக்கு வண்டிக்குப் போங்கள்: ராம்நாடு கரையோரத்து மதியச் சாப்பாடு

மதியச் சாப்பாட்டு வண்டியில் சமையல் நடப்பதில்லை. பரோட்டா வண்டி, தோசை வண்டி கதை வேறு. சாப்பாட்டு வண்டிக்காரர்கள் சோறு, குழம்பு, ரசம், பொரியல் எல்லாவற்றையும் வீட்டிலேயே பத்துப் பத்தரைக்குள் இறக்கிவிடுவார்கள். பதினொன்றரைக்கு ஆட்டோவிலோ டிவிஎஸ் எக்ஸ்எல்லிலோ அண்டா ஏறும். பன்னிரண்டுக்கு ராமநாதபுரம் (ராம்நாடு) அரண்மனை வாசலிலோ, கேணிக்கரையிலோ, பாம்பன் ரோட்டு ஓரத்திலோ கடை விரிந்துவிடும். அங்கே அடுப்பில் நடப்பது மீன் பொரிப்பதும், முட்டை ஊற்றுவதும், குழம்பு ஆறாமல் பார்த்துக்கொள்வதும்தான். எனவே வண்டிச் சாப்பாட்டை எடை போட ஒரே கேள்வி போதும்: இது எத்தனை மணிக்கு இறக்கியது? கண்ணால் பார்க்கிற மற்ற அடையாளங்கள் எல்லாம் இதற்குப் பதில் தேடுகிற வழிகள்.

நல்ல நேரம் பன்னிரண்டேகாலிலிருந்து ஒன்றேகால் வரை. அதற்குமுன் போனால் மீன் பொரிக்கிற கல் காய்ந்திருக்காது. ஒன்றரைக்கு மேல் நல்ல துண்டெல்லாம் போய் வாலும் தலையும் மிஞ்சும், குழம்பில் வெந்நீர் சேர ஆரம்பிக்கும். இரண்டுக்கு மேல் கிடைப்பது அடிச் சோறு. திங்கட்கிழமை மட்டும் கணக்கு மாறும். அன்று கலெக்டர் ஆபீஸில் குறைதீர் கூட்டம். திருவாடானை, முதுகுளத்தூர், கமுதி பக்கமிருந்தெல்லாம் மனுவோடு வருகிறவர்களால் அந்தப் பக்கத்து வண்டிகள் ஒரு மணிக்கே காலியாகிவிடும். அன்று பன்னிரண்டுக்கே போய்விட வேண்டும்.

முதலில் சோறு. ஒரு கிலோ புழுங்கல் அரிசி வடித்தால் இரண்டே முக்காலிலிருந்து மூன்று கிலோ சோறு காணும். லோடுமேன், மீன் ஏலக்கூடத்து ஆட்கள் சாப்பிடும் இடத்தில் அது ஐந்து பேருக்கு, ஆபீஸ் ஆட்களுக்கு என்றால் ஆறேழு பேருக்கு வரும். பத்துக் கிலோ வடிக்கிற வண்டி என்றால் ஐம்பது அறுபது சாப்பாடு. ஒன்றரை மணி நேரத்தில் அது தீர்ந்தால் சோறு சூடாகவே போய்ச் சேர்கிறது என்று அர்த்தம். அதே பத்துக் கிலோவை மூன்றரை மணி வரை வைத்து விற்கிற வண்டியைத் தாண்டிப் போய்விடுங்கள். கூட்டமுள்ள வண்டியில் சாப்பிடு என்று சொல்வதன் காரணம் இதுதான். ருசி அப்புறம்.

வடித்த சோற்றை உடனே மூடி போட்ட எவர்சில்வர் டிரம்மில் அடைத்தால் ஆவி மூடியில் பட்டுத் தண்ணீராக இறங்கி, அடிச்சோறு குழைந்து ஒரு மக்கல் வாடை வரும். தெரிந்தவர்கள் கஞ்சி முழுக்க வடிந்த பிறகு பத்து நிமிடம் பரத்தி ஆவி போகவிட்டு, பிறகு வெள்ளைத்துணி விரித்த பெட்டியிலோ அண்டாவிலோ கொட்டி, மேலே இன்னொரு துணி மூடுவார்கள். துணி ஆவியை உறிஞ்சிக்கொள்ளும். சில இடங்களில் இன்னும் பனையோலைக் கடகப்பெட்டி பார்க்கலாம். சோற்றுக்கு அதைவிட நல்ல பாத்திரம் கிடையாது என்பது என் கட்சி. ஓலை மூச்சு விடும்.

தட்டில் விழுந்த சோற்றில் நாலு பருக்கையை விரலால் நசுக்கிப் பாருங்கள். பிசுபிசுவென்று நூல் விட்டால் கை வைக்காதீர்கள். சோறு கெடுவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அரிசியிலேயே இருக்கும் பாசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதிநீரிலும் சாகாது. சோறு அறுபது டிகிரிக்குக் கீழே வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் அவை முளைத்து நஞ்சை விடும். வாந்தி எடுக்க வைக்கும் அந்த நஞ்சு திரும்பச் சூடு பண்ணினாலும் போவதில்லை. சுடச்சுட இருக்கும் சோறு பயமில்லை. தண்ணீர் ஊற்றிப் புளித்த பழைய சோறும், புளிப்பு ஏறியிருப்பதால், அந்த அளவுக்குப் பயமில்லை. இடைப்பட்ட வெதுவெதுப்புத்தான் ஆபத்து. ஆவி பறக்காத சோற்றின் மேல் கொதிக்கிற குழம்பை ஊற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம்.

இந்த மாவட்டத்தில் சாப்பாட்டைக் கெடுப்பதில் தண்ணீருக்கும் பங்குண்டு. கரையோரம் நிலத்தடி நீர் பெரும்பாலும் உப்பு. அந்தத் தண்ணீரில் துவரம்பருப்பு எவ்வளவு கொதித்தாலும் கரையாமல் முழிக்கும். அவசரத்துக்குச் சோடா உப்புப் போட்டால் பருப்பு குழையும், ஆனால் சாம்பாரில் சோப்பு நுரை போல ஒரு வழவழப்பும் வாடையும் வந்துவிடும். சாம்பாரில் பருப்பு தனியாகவும் தண்ணீர் தனியாகவும் நின்றால் நல்ல தண்ணீர்க் குடம் வாங்குகிற காசை மிச்சம் பிடித்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம். அந்த வண்டியில் ரசம், மோர் எதையும் வாங்காதீர்கள். சாம்பாருக்கே வாங்காத நல்ல தண்ணீரை மோருக்கா வாங்கியிருப்பார்கள்?

இனி மீன். எந்த நாளில் எந்த மீன் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ராமேசுவரம், மண்டபம் வடகடல் (பாக் விரிகுடா) விசைப்படகுகள் திங்கள், புதன், சனி புறப்பட்டு மறுநாள் காலை கரை திரும்பும். மற்ற நாள் நாட்டுப்படகுக்கு. ஆக, விசைப்படகு மீன் புதிதாக இறங்குவது செவ்வாய், வியாழன், ஞாயிறு. அந்த நாட்களில் ராமேசுவரம், பாம்பன் வண்டிகளில் மதியக் குழம்பில் கிடப்பது அன்று காலை மீனாகவே இருக்கலாம். ராமநாதபுரம் டவுன் ராமேசுவரத்திலிருந்து ஐம்பத்தைந்து கிலோமீட்டர் தள்ளி. பத்து மணிக்குக் குழம்பு இறக்க வேண்டிய வண்டிக்காரர் அன்று காலை மீனுக்குக் காத்திருக்க முடியாது. டவுனில் பெரும்பாலும் முந்தின நாள் மீன், ஐஸில் வைத்தது. அதில் குற்றம் ஒன்றுமில்லை, ஐஸ் நின்றிருந்தால்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது வள்ளத்து மீன்தான். வரத்துக் குறைவு, விலை கூடுதல். மே மாதத்தில் டவுன் வண்டியில் வஞ்சிரம் தடித்தடியாக அடுக்கியிருந்தால் அது கேரளப் பக்கமிருந்து ஐஸில் வந்ததாக இருக்கலாம். மேற்குக் கரைக்குத் தடை ஜூன் 1-இல்தான் தொடங்குகிறது. இந்த இரண்டு மாதமும் கருவாட்டுக் குழம்பும் முட்டைக் குழம்பும் ஓடுகிற வண்டிதான் நேர்மையான வண்டி. இதற்கு நேர்மாறு புரட்டாசி. பாதி ஊர் அசைவத்தை நிறுத்தியிருக்கும், மீன் விலை இறங்கும், அதே காசுக்குத் துண்டு பெரிதாகும்.

குழம்புக்கு இந்தக் கரையில் சூடை, காரல், நகரை மூன்றும் வாகானவை. பெரிய மீன் குழம்பைவிடச் சின்ன மீன் குழம்புக்குத்தான் ருசி. காரலுக்கு முள் அதிகம், நின்றுகொண்டே அவசரமாகச் சாப்பிடுகிறவர்கள் அதைத் தவிர்க்கலாம். சூடை, சாளை, கும்புளா, சூரை நாலிலும் ஒரு எச்சரிக்கை உண்டு: ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் இவற்றின் சதையில் ஹிஸ்டமின் சேரும். வேகவைத்தாலும் பொரித்தாலும் அது போகாது, வாடையும் வராது. முதல் வாயிலேயே நாக்கில் மிளகு கடித்தது மாதிரி சுள்ளென்று குத்தினால் காரம் என்று எண்ணி விழுங்காமல் தட்டை வைத்துவிடுங்கள். பிறகு முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பு தடித்துக்கொள்ளும். மூச்சு இழுத்தால் யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். திருக்கை பழசானால் மறைக்க முடியாது, அமோனியா நெடி மூக்கில் ஏறும். எவ்வளவு பூண்டு தட்டிப் போட்டாலும் அது அடங்காது.

குழம்புச் சட்டியை ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். மேலே சிவந்த எண்ணெய் ஒதுங்கி ஓரமாக நின்றால் மசாலா நன்றாகக் கொதித்திருக்கிறது. சட்டியின் உள்விளிம்பில் காய்ந்த கோடு ஒன்று இருப்பது வழக்கம். கீழே ஒன்று, இரண்டு விரல்கடை மேலே இன்னொன்று என்று இரட்டைக் கோடு இருந்தால் நேற்றைய குழம்பு வற்றி, அதன் மேல் இன்றையது ஏறியிருக்கிறது. மறுநாள் மீன் குழம்புக்கு ருசி கூடும் என்பது வீட்டில், ராத்திரி கொதிக்கவைத்து மூடிய மண்சட்டிக்குப் பொருந்தும். வண்டியில் வெயிலில் நின்று திரும்பின மிச்சத்துக்குப் பொருந்தாது. சோற்றில் ஊற்றினதும் குழம்பைச் சுற்றி நிறமில்லாத தண்ணீர் பிரிந்து ஓடினால் வெந்நீர் சேர்ந்துவிட்டது. அதைக் கெட்டிப்படுத்தப் பொட்டுக்கடலை மாவு கலப்பதும் உண்டு. வாயில் மாவு ஒட்டும், காரம் மொட்டையாக இருக்கும்.

வீட்டில் வைத்துப் பார்க்க நினைப்பவர்களுக்கு வண்டிக் குழம்பின் அளவு இது. ஒரு கிலோ சூடைக்குச் சின்ன வெங்காயம் 200 கிராம், தக்காளி மூன்று, பூண்டு பதினைந்து பல், புளி 50 கிராம், முண்டு மிளகாய்த்தூள் இரண்டு மேசைக்கரண்டி, மல்லித்தூள் மூன்று மேசைக்கரண்டி, மஞ்சள்தூள் அரைத் தேக்கரண்டி, நல்லெண்ணெய் 75 மில்லி, வெந்தயம் அரைத் தேக்கரண்டி, கறிவேப்பிலை இரண்டு ஈர்க்கு. புளியை மூன்று டம்ளர் வெந்நீரில் ஊறவைத்துக் கரைத்துக்கொள்ளுங்கள். எண்ணெயில் வெந்தயம் பொன்னிறம் தாண்டக் கூடாது. கறுத்தால் சட்டி முழுக்கக் கசப்பு, திருத்த வழியே இல்லை, எண்ணெயைக் கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள். வெங்காயத்தில் பாதியை முழுசாகவும் பாதியை அரைத்தும் போட வேண்டும், குழம்புக்குக் கெட்டி அதிலிருந்துதான் வருகிறது. வண்டிக்காரர்கள் தேங்காய் அரைத்து ஊற்ற மாட்டார்கள். இந்த வெயிலில் தேங்காய் சேர்ந்த குழம்பு மூன்று மணிக்குள் புளித்துவிடும். தக்காளி மசிந்ததும் தூள்களைப் போட்டு அடுப்பைக் குறைத்து ஒரு நிமிடம் பிரட்டி, புளிக்கரைசல் ஊற்றி, பதினைந்து இருபது நிமிடம் எண்ணெய் பிரியும்வரை கொதிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மீன். சூடைக்கு ஐந்தாறு நிமிடம் போதும். மீன் விழுந்த பிறகு கரண்டி போடக் கூடாது, சட்டியைத் துணியால் பிடித்துச் சுழற்றினால் போதும். இறக்கி அரை மணி நேரம் மூடி வைத்தால்தான் உப்பும் புளியும் மீனுக்குள் போகும்.

மிளகாய் விஷயத்தில் கவனம். ராமநாதபுரம் முண்டு, 2023-இல் புவிசார் குறியீடு வாங்கியது, குண்டாகத் தடித்த தோலோடு இருக்கும். நிறமும் மணமும் தூக்கல், காரம் நிதானம். மேலே சொன்ன அளவு அதற்குத்தான். குண்டூர் மிளகாய்த்தூளை அதே அளவு போட்டால் காது அடைத்துவிடும், பாதியில் ஆரம்பியுங்கள்.

பொரித்த மீனில் வண்டிக்காரர்கள் ஒரு கிலோ துண்டுக்கு மூன்று மேசைக்கரண்டி மிளகாய்த்தூள், மஞ்சள், இஞ்சி பூண்டு விழுது, சோம்புத்தூள், எலுமிச்சைச் சாறு, உப்பு, ஒட்டிக்கொள்ள இரண்டு கரண்டி அரிசி மாவு என்று தடவி ஒரு மணி நேரம் ஊறவைப்பார்கள். கல் நன்றாகக் காய்ந்த பிறகு போட்டு, ஓரம் சிவக்கும்வரை தொடாமல் விட வேண்டும். கல் காயுமுன் போட்டதும், சீக்கிரம் திருப்பினதும் தோலைக் கல்லிலேயே விட்டுவிட்டு வரும். முண்டு மிளகாய் பொரிந்தால் கருஞ்சிவப்பு. பளீரென்று ஆரஞ்சாக நின்றால் கலர்ப்பொடி, விரலிலும் தட்டிலும் சாயம் ஒட்டும். முன்பே பொரித்துக் குவித்ததை எடுக்காமல், “அண்ணே, இதைக் கல்லுல போட்டுக் குடுங்க” என்று ஊறின துண்டைக் காட்டுங்கள். ஐந்து நிமிடம் கூடுதலாக நிற்க வேண்டியிருக்கும். எண்ணெய் நுரைத்துக்கொண்டே இருந்தாலோ, மீன் போடாமலே புகைந்தாலோ பொரியலை விட்டுவிட்டுக் குழம்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். விலை துண்டுக்கு, நாளுக்கு ஒரு விலை. சாப்பிடுமுன் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கணவாய் இரண்டு மூன்று நிமிடத்தில் எடுக்க வேண்டும், இல்லையென்றால் அரை மணி நேரத்துக்கு மேல் வேகவிட வேண்டும். நடுவில் இறக்கினால் செருப்புத் தோல். வண்டியில் பெரும்பாலும் நடுவில்தான் இறக்குகிறார்கள். நண்டு ஏற்றுமதிக்குப் போக மிச்சம் வருவது கால் ஒடிந்ததும் பொடிசும். ருசி குறையாது, ஆனால் ஓட்டுக்குள் சதை கெட்டியாக இல்லாமல் கூழாக இருந்தால் செத்து நேரமாகிச் சட்டிக்கு வந்தது, ஒதுக்கிவிடுங்கள்.

ராமேசுவரம் கோயில் பக்கம் அசைவம் தேடி அலைய வேண்டாம், அங்கே கலவை சாதம்தான். கெடுகிற வரிசை தெரிந்தால் போதும்: தேங்காய் சாதம் முதலில் போகும், அடுத்து தக்காளி, பிறகு எலுமிச்சை. புளியோதரை ராத்திரி வரை நிற்கும். தயிர் சாதம் கெடாது, புளிக்கும். காலையில் கொஞ்சம் தயிரும் நிறையப் பாலும் ஊற்றிப் பிசைந்திருந்தால் ஒரு மணிக்குச் சரியாக இருக்கும், மூன்று மணிக்கு முகம் சுளிக்கும். ஆடி, தை அமாவாசையில் அக்னி தீர்த்தம், தேவிபட்டினம், சேதுக்கரை மூன்று இடத்திலும் கூட்டம் நெரியும். அன்று பதினொன்றரைக்கே வாங்கிவிடுங்கள்.

கீழக்கரையில் வெள்ளிக்கிழமை கணக்கு வேறு. ஜும்மா நேரத்தில் வண்டிகளுக்கு ஆள் இருக்காது, தொழுகை முடிந்ததும் ஒரேயடியாகக் கூட்டம் விழும். நெய்ச்சோறும் தால்சாவும் அன்றைக்கு நன்றாக ஓடும். எலும்பும் பருப்பும் கத்தரிக்காயும் சேர்ந்த தால்சா சீக்கிரம் கெடும் சாமான், அதற்குக் கீழே அடுப்பு எரிந்துகொண்டிருக்க வேண்டும். கல்யாணக் களரி விருந்தின் ருசியை வண்டியில் எதிர்பார்ப்பது நியாயமில்லை. நோன்பு மாதத்தில் அந்த ஊரில் பகல் சாப்பாட்டுக்கு அலையாதீர்கள். சாயங்காலம் கஞ்சியும் வடையும் சமோசாவும்தான்.

பங்குனி, சித்திரை வெயிலில் சோற்றைவிடக் கூழ் வண்டி எத்தனையோ மேல். கம்மங்கூழோ கேப்பைக்கூழோ, நொய் சேர்த்துக் கிண்டி ராத்திரி புளிக்கவிட்ட உருண்டையை மோரில் கரைத்து, சின்ன வெங்காயம், மோர் மிளகாய், சுட்ட கருவாடு, மாங்காய் வத்தல் என்று தொட்டுக்கொள்ளலாம். கெடுதல் வருவது கூழால் அன்று, ஐஸால். துறைமுக ஊர்களில் பாளம் பாளமாக ஐஸ் உருவாக்குவது மீனுக்கு, குடிக்க அன்று. உண்ணத் தகாத ஐஸுக்கு நீலச் சாயம் கலக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் சொல்லியும் வெள்ளைப் பாளங்கள்தான் சாக்கில் சுற்றி வருகின்றன. உடைத்த ஐஸ் போட்டால் கூழ், மோர், நன்னாரி சர்பத் மூன்றுமே வேண்டாம். மண்பானையில் ஊறின குளிர்ச்சி போதும்.

கடைசியாகத் தட்டு கழுவுகிற வாளி. ஒரே வாளியில் முக்கி எடுத்து அடுத்தவருக்கு வைக்கிறார்கள் என்றால் வாழையிலைத் துண்டோ பாக்குமட்டையோ கேளுங்கள். வறண்ட சீமையில் இலைக்குத் தட்டுப்பாடு உண்டு, கேட்டால்தான் கிடைக்கும். வடையையோ பொரித்த மீனையோ செய்தித்தாளில் மடித்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். அச்சு மை எண்ணெயில் கரைந்து மீனுக்கு வரும், அது சட்டப்படியும் கூடாது. பார்சலுக்குத் தூக்குச்சட்டி கொண்டுபோனால் கொதிக்கிற குழம்பு பாலிதீன் பையில் விழாது. சோறும் குழம்பும் தனித்தனியாக வாங்கி, இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிடுங்கள். மதுரைக்குப் பஸ் ஏறுகிறவர்கள் மீன் குழம்பைக் கட்டிக்கொள்ள வேண்டாம். புளியோதரை வாங்கிக்கொள்ளுங்கள்.